முதலில் மூடியது, கடைசியில் திறந்தது

2020 மார்ச் மத்தியில் கொரோனா பயம் பரவத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் விடுமுறை விடப்பட்டது மழலையர் வகுப்புகளுக்குத்தான். ஓரிரு நாளில் மற்ற வகுப்புகளும் மூடின. அந்த மழலையர் வகுப்புகளும் விளையாட்டுப் பள்ளிகளும் மறுபடி திறந்தது 2022 பிப்ரவரி 16 அன்று. ஏறக்குறைய 23 மாதம்.

இடையில் என்னென்ன திறந்தன என்பதைத் தேதிவாரியாக எழுதிப் பார்ப்பது பயனுள்ள வேலை. 2020 மே முதல் வாரத்தில் தொழிற்சாலைகள், ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு. மே 7 அன்று, சென்னை நீங்கலாக, மதுக்கடைகள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும், 16ஆம் தேதி மறுபடி கடை திறந்ததும் பலருக்கு நினைவிருக்கும். மே 18 முதல் அரசு அலுவலகங்கள், பாதி ஊழியர்களோடு. செப்டம்பர் 1 முதல் முழு ஊழியர்களோடு. 2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள். பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும். இரண்டாம் அலை எல்லாவற்றையும் மூடிப்போட்ட பின், செப்டம்பர் 1 அன்று மறுபடி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றுதான்.

இந்த வரிசைக்குப் பின்னால் இருப்பது தேர்வு. பொதுத்தேர்வு எழுதுபவர் முதலில், அடுத்த ஆண்டு எழுதப்போகிறவர் அதற்கடுத்து, தேர்வே இல்லாத மூன்று வயதுப் பிள்ளை எல்லோருக்கும் கடைசியில். பள்ளி என்றால் படிப்பு, படிப்பு என்றால் தேர்வு என்றே பழகிவிட்ட நமக்கு இது இயல்பாகவும் பட்டது. ஆனால் பள்ளி காலங்காலமாக இன்னொரு வேலையும் பார்க்கிறது. பெற்றவர்கள் உழைக்கப் போகும் நேரத்தில் பிள்ளையை வைத்துக்கொள்கிறது. அந்த வேலையின் பக்கமிருந்து பார்த்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பதினாறு வயதுப் பையனை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. வேலைக்கு வாருங்கள் என்று 2020 மே மாதமே அழைத்துவிட்டு, பிள்ளையை வைத்துக்கொள்ளும் இடத்தை 2022 பிப்ரவரியில் திறந்தால், நடுவில் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது?

பதில் மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மே 17 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது, எழுதியவர்கள் அறியாமல். அலுவலகங்களும் ஆலைகளும் இயங்குவதற்கான விதிகளைச் சொல்லும் அதே உத்தரவில், 65 வயதைக் கடந்தவர்கள், இணைநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றது. நடு வயதுக்காரர்கள் வெளியே போகலாம். பாட்டியும் பேரனும் வீட்டுக்குள். உத்தரவு சொல்லாமல் விட்ட ஏற்பாடு இதுதான்: நாட்டின் குழந்தைகள் காப்பகம் பாட்டி. நோய் யாரை அதிகம் கொல்லும் என்று அஞ்சினார்களோ அவரிடமே, தினமும் கூட்டத்துக்குள் போய்விட்டு வரும் மகளுடைய அல்லது மருமகளுடைய பிள்ளையை ஒப்படைத்தார்கள். 2020இல் இந்தியாவில் இந்த நோயால் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்ததால் நோய் தொற்றியவர் எத்தனை பேர் என்று எந்தப் புள்ளிவிவரமும் பிரித்துச் சொல்லாது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 15 அன்று இதே அமைச்சகம் வெளியிட்ட உத்தரவில் வேறொரு வரி இருந்தது. 65 வயதைக் கடந்தவர்கள், இணைநோய் உள்ளவர்கள் ஆகியோரோடு, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஊக்குவிக்கலாம் என்றது. ஊக்குவிக்கலாம் என்றால் கட்டாயமில்லை, சம்பளத்துக்கும் உத்தரவாதமில்லை. தையல் மேசையையோ துடைப்பத்தையோ வீட்டுக்கு எடுத்துவந்து வேலை செய்யவும் முடியாது. இருந்தாலும் பிள்ளை பெற்றவர் என்ற ஒரு தொழிலாளி இருக்கிறார் என்பதை அரசின் காகிதம் அந்த ஒரு வரியில் ஒப்புக்கொண்டது. மே 17 உத்தரவின் பணியிட விதிகளில் அந்த வரி இல்லை. முகக்கவசம், உடல்வெப்பச் சோதனை, கிருமிநாசினி, உணவு இடைவேளையைப் பிரித்து விடுவது எல்லாம் இருந்தன. ஏன் நீக்கினார்கள் என்று எங்கும் சொல்லவில்லை. நீக்கியதை யாரும் பெரிதாகக் கேட்கவுமில்லை.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் மே 18 முதல் நடந்த சுற்றுமுறையைப் பாருங்கள். ஊழியர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். வாரம் ஆறு நாள். முதல் அணிக்குத் திங்கள், செவ்வாய். இரண்டாம் அணிக்குப் புதன், வியாழன். வெள்ளியும் சனியும் மறுபடி முதல் அணிக்கு. அடுத்த வாரம் இரண்டாம் அணியில் தொடங்கும். பிள்ளை வளர்ப்பவர் கண்ணில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கணவன் ஓர் அணி, மனைவி இன்னோர் அணி என்று வைத்துவிட்டால் வீட்டில் எந்த நாளும் ஒரு பெரியவர் இருப்பார். அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அணி பிரித்தது அந்தந்த அலுவலகம், அதன் கோப்புகளின் தேவைக்கேற்ப. கணவன் கருவூலத்திலும் மனைவி வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருந்தால் இருவரும் ஒரே திங்கட்கிழமை கிளம்பினார்கள். புரிந்துகொள்ளும் மேலதிகாரி வாய்த்தவர்கள் கேட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். மேலதிகாரியின் மனதை நம்பித்தான் அது நடந்திருக்கும்.

அரசு ஊழியருக்காவது மாதச் சம்பளம் வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை இல்லாத வாரத்துக்குக் கூலி இல்லை. மே மாதம் கம்பெனிகள் திறந்தபோது தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றரை மாதமாகச் சனிக்கிழமைச் சம்பளம் பார்க்காதவை. அங்கே ஒன்றரை ஷிப்ட் என்பது வழக்கமான சொல்: காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை வரை. செக்கிங்கிலும் பிசிறு வெட்டுவதிலும் பெண்களே அதிகம். இவர்களில் கணிசமானோர் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாட்டி இருப்பது ஊரில். பள்ளி நடக்கும் காலத்தில் பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டு வந்து காம்பவுண்டு வீட்டில் பக்கத்து அக்காவிடம் இருக்கும். இப்போது நாள் முழுக்க யாரிடம் விடுவது? ஊருக்குக் கொண்டுபோய் விடலாமென்றால் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். ஆகஸ்ட் மத்தியில் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கத் தொடங்கும் வரை திருமணம், மரணம், மருத்துவ அவசரம் போன்ற காரணங்களுக்குத்தான் அது கிடைக்கும். பிள்ளையைப் பாட்டி வீட்டில் விடுவது அவசரங்களின் பட்டியலில் இல்லை. அம்மா வேலைக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை.

ஆகவே வீட்டின் மூத்த பெண்பிள்ளை தாயானாள். பன்னிரண்டு வயதுக்காரி தம்பிக்குச் சோறூட்டி, மதியம் தூங்கவைத்து, தண்ணீர் லாரி வந்தால் குடமும் பிடித்தாள். ஆன்லைன் வகுப்பு என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆனால் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் காலை எட்டு மணிக்கு அப்பாவின் அல்லது அம்மாவின் கைப்பையில் கிளம்பிவிடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும் நேரத்தில் தம்பிக்குக் கார்ட்டூன் வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போன் வீடு திரும்பும்போது வாட்ஸ்அப்பில் வந்து குவிந்திருக்கும் வீட்டுப்பாடப் படங்களை யார் உட்கார்ந்து பார்ப்பது?

வேலைக்குப் போனவர் வீட்டுக்குள் நுழைவதே அப்போது ஒரு சடங்கு. செருப்பு வாசலுக்கு வெளியே. பை ஒரு மூலையில், சானிடைசர் தெளித்து. நேராகக் கொல்லைப்புறமோ குளியலறையோ போய், உடுத்திய துணியைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அம்மா என்று தட்டிக்கொண்டே இருக்கும். பால்குடி மாறாத குழந்தையென்றால் அந்தக் கால்மணி நேரம் இருவருக்குமே கொடுமை. செவிலியர்களின் நிலை இன்னும் மோசம். ஒரு வாரம் கொரோனா வார்டில் பணி, அடுத்த வாரம் விடுதி அறையில் தனிமை என்ற முறை பல அரசு மருத்துவமனைகளில் இருந்தது. அவர்கள் பிள்ளைகளை வீடியோ அழைப்பில் பார்த்தார்கள்.

செவிலியர், தூய்மைப் பணியாளர், காவலர், மின்வாரிய ஊழியர் இவர்களெல்லாம் பணியிடத்துக்குத் திரும்பவில்லை; அவர்கள் ஒருநாளும் அதை விட்டு வரவே இல்லை. அத்தியாவசியப் பணியாளர் என்ற பட்டியல் இங்கே இருந்தது. அவர்களுக்கென்று மாநகரப் பேருந்துகள் தனியாக ஓடின. அவர்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பேருந்து வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்று தோன்றவில்லை. இங்கிலாந்தில் 2020 மார்ச் 20 வெள்ளிக்கிழமை பள்ளிகளை மூடியபோது, திங்கள் முதல் அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் அவை திறந்திருக்கும் என்றார்கள். மருத்துவமனை ஊழியரோடு லாரி ஓட்டுநரும் உணவுப் பண்டங்கள் விற்பவரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆரம்பத்தில் வந்த பிள்ளைகள் சொற்பம்தான். இருந்தாலும் கதவு திறந்திருந்தது. இத்தாலி பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வைக்க 600 யூரோ கொடுத்தது, மருத்துவப் பணியாளருக்கு 1000. அமெரிக்கா 2020 மார்ச் மாதம் இயற்றிய அவசரச் சட்டம் பள்ளி மூடியதால் வேலைக்கு வர இயலாத பெற்றோருக்கு மூன்றில் இரண்டு பங்கு ஊதியத்தோடு பத்து வாரம் வரை விடுப்புத் தந்தது. ஆனால் 500 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தாது, மருத்துவப் பணியாளரை நிர்வாகம் விலக்கிவைக்கலாம், ஆண்டு முடிவில் கட்டாயமும் காலாவதியானது. பணக்கார நாடு என்பதற்காக எல்லாவற்றையும் மெச்ச வேண்டியதில்லை.

டென்மார்க்கைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 2020 ஏப்ரல் 15 அன்று ஐரோப்பாவிலேயே முதலாகப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கிய அந்நாடு, குழந்தைகள் காப்பகங்களையும் ஐந்தாம் வகுப்பு வரையிலான வகுப்புகளையும் முதலில் திறந்தது. நார்வேயில் ஏப்ரல் 20 அன்று மழலையர் பள்ளிகள், 27 அன்று முதல் நான்கு வகுப்புகள். சின்னப் பிள்ளைகளை நோய் அதிகம் தாக்கவில்லை என்பது ஒரு காரணம். சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றவர் வேலை பார்க்க முடியாது என்பது இன்னொரு காரணம். அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். அங்கும் எதிர்ப்பு இருந்தது. எங்கள் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்யாதீர்கள் என்று பேஸ்புக்கில் ஆயிரக்கணக்கான பெற்றோர் திரண்டார்கள்.

நம் ஊரில் அப்படியே செய்திருக்கலாம் என்று நான் வாதாட வரவில்லை. ஓர் அறை அங்கன்வாடியில் இருபத்தைந்து பிள்ளைகளை இடைவெளிவிட்டு உட்காரவைக்க முடியாது. 2021 மே மாதம் ஆக்சிஜனுக்கு மக்கள் அலைந்த நாட்களில் பிள்ளையை வெளியே அனுப்பச் சொன்னால் எந்தத் தாயும் அனுப்பியிருக்க மாட்டாள். ஆனால் 2020 அக்டோபர் முதல் 2021 மார்ச் வரை தொற்று இறங்கியிருந்த அரையாண்டு இருந்தது. பேருந்து ஓடியது, திரையரங்கு திறந்தது, தேர்தல் பிரச்சாரம் களைகட்டியது. பத்துப் பிள்ளைகள் வீதம் பிரித்து, மரத்தடியில், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தொடங்கிப் பார்க்க அந்த ஆறு மாதம் போதும். அந்த யோசனை பேச்சளவில்கூட எழவில்லை என்பதுதான் என் குறை.

எழாததற்குக் காரணம், பால்வாடியை நாம் எதற்கானது என்று நினைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊர்ப்புறங்களில் இரண்டு வயது முதலே பிள்ளைகளைச் சேர்த்தார்கள். உணவு என்பதில் இந்த மாநிலம் யாருக்கும் சளைத்ததல்ல. கொரோனா காலத்திலும் அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு ஆகியவை வீடு தேடிப் போயின. கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அங்கன்வாடிப் பணியாளர்கள். பிறர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த அந்தப் பெண்கள், தங்கள் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தெருத்தெருவாக நடந்தார்கள். அங்கன்வாடிகளைத் திறப்பது பற்றி 2021 ஜனவரி 31க்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஜனவரி 13 அன்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கின் மையமும் ஊட்டச்சத்துதான். 2021 செப்டம்பரில் இங்கே மையங்களில் மதிய உணவு தொடங்கியபோதும் பிள்ளை வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதே ஏற்பாடு. முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். பிள்ளை மையத்தில் இருக்கும் ஐந்தாறு மணி நேரத்தை எந்தப் பையில் போட்டுக் கொடுப்பது? அந்த நேரத்தை நம்பி நூறுநாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்களின் இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே அதைக் கட்டாயமாக்கியது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 ஊழியர்கள் இருக்கும் எந்த நிறுவனத்துக்கும் அதை விரித்து, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சேர்த்தது. நடைமுறை வேறு. சில ஏற்றுமதி நிறுவனங்களில் காப்பக அறை என்பது வெளிநாட்டு வாங்குவோர் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் உயிர்பெறும் என்பது திருப்பூரில் பழைய பேச்சு. ஜாப் ஒர்க் எடுக்கும் சின்னப் பட்டறைகள் எந்த வரம்புக்குள்ளும் வராது. கொரோனா வந்ததும் இந்தச் சட்டங்கள் எல்லாம் விசித்திரமான நிலைக்கு ஆளாயின. ஒரு சட்டப்படி காப்பகம் கட்டாயம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவுப்படி 10 வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டை விட்டு வரக்கூடாது. மே 30 உத்தரவில் அது அறிவுரையாகத் தளர்ந்தது. அதற்குள் நிர்வாகங்கள் அறையைப் பூட்டிவிட்டன.

இதே காலத்தில், 2020 செப்டம்பரில், நாடாளுமன்றம் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றியது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் காப்பகத்துக்கான வரம்பு ஆண், பெண் சேர்த்து 50 தொழிலாளருக்கு மேல் என்றானது. தந்தைக்கும் பிள்ளை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது நல்ல விஷயம். ஆனால் 35 பெண்களும் 10 ஆண்களும் வேலை செய்யும் ஆலை பழைய சட்டப்படி காப்பகம் வைக்க வேண்டியது; புதியதன்படி வேண்டியதில்லை. பனியன் தொழிலில் இந்த அளவுள்ள ஆலைகள் அபூர்வமல்ல.

விளைவுகளை எண்களில் பார்த்தால் நிலைமை தெளிவு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2020இல் முதல் பொதுமுடக்கமும் அதைத் தொடர்ந்த மாதங்களும் கடந்தபின், ஆண் தொழிலாளரில் 61% வேலையை இழக்காமல் இருந்தார்கள். 7% இழந்து திரும்பவில்லை. பெண்களில் வேலை தப்பியது 19% பேருக்கு. 47% பேர் ஆண்டு முடியும்வரை திரும்பவே இல்லை. இதற்குப் பிள்ளை வளர்ப்பு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது; பெண்கள் அதிகம் இருந்த தொழில்களே அதிகம் அடிவாங்கின. ஆனால் தொழில் மீண்டபின்னும் ஆள் மீளவில்லை என்றால் வீட்டைப் பார்க்கத்தான் வேண்டும். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதுவும் பள்ளிகள் திறந்திருந்த காலத்துக் கணக்கு. பொருளியலாளர் அஷ்வினி தேஷ்பாண்டேயின் ஆய்வு சுவையானது: 2020 ஏப்ரலில் ஆண்கள் வீட்டுவேலைக்குச் செலவிட்ட நேரம் கூடியது, ஆகஸ்டில் மறுபடி சரிந்தது, முற்றிலும் பழைய அளவுக்கு இறங்காவிட்டாலும். ஆண்கள் வேலைக்குத் திரும்பினார்கள், வீட்டுவேலை பெண்களிடம் திரும்பியது. பிள்ளை வீட்டிலேயே இருந்தது.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்போ வேறு கதை சொல்வதுபோல் தோன்றும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புக்கு வந்தோர் 2019-20இல் 30% என்றும் 2020-21இல் 32.5% என்றும் அது கூறுகிறது. உயர்வில் பெரும்பங்கு கிராமங்களில், சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும். கூலியில்லாத உதவியாளர் என்ற வகை அதில் அடக்கம். ஆடு மேய்ப்பதும் வீட்டுத் திண்ணையில் பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டுவதும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்யக்கூடியவை. இரண்டு கணக்கெடுப்பின் முறைகளும் வேறு என்பதை மறக்கக்கூடாது. எனினும் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று நான் நினைக்கவில்லை. காப்பகம் இல்லாத இடத்தில் பெண் வேலையை விடுகிறாள், அல்லது பிள்ளையோடு செய்ய முடிந்த மலிவான வேலைக்கு இறங்குகிறாள்.

கொரோனாவுக்குப் பிந்தைய தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் தாயை அரசு கவனிக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். 2021 மே 8 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. முழு ஊரடங்கு வந்ததோ இரண்டே நாளில், மே 10 அன்று. 2021 ஜூலை முதல் அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு. 2021 அக்டோபர் கடைசியில் மரக்காணத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை நேரத்தில் ஊர்ப் பெண்களையே தன்னார்வலராக்கிப் பிள்ளைகளை உட்காரவைத்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பள்ளி திறந்து ஆறு மாதத்தில் கற்றல் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24% இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டார்கள். அந்த ஆய்வு அளந்தது கணக்கையும் தமிழையும். மாலையில் பிள்ளை பத்திரமாக ஓரிடத்தில் இருக்கிறது என்பதால் எத்தனை தாய்மார் ஷிப்டை முடித்துவிட்டு வர முடிந்தது என்பது அதன் கேள்வி அல்ல.

காப்பகம் என்ற ஒன்றுக்கு நேராகப் பணம் ஒதுக்கும் மத்தியத் திட்டம் சின்னது. ராஜீவ் காந்தி பெயரில் 2006இல் தொடங்கி, 2017இல் தேசியக் காப்பகத் திட்டமாகி, 2022 முதல் மிஷன் சக்தியின் கீழ் பால்னா என்ற பெயரில், அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களாக நடக்கிறது. பழைய திட்டத்தின் விதிப்படி காப்பகம் மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும். காலை ஒன்பதரைக்குத் திறந்தால் மாலை ஐந்துக்கு மூடலாம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாய் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கம்பெனிக்குள் போயிருப்பாள்; வெளியே வர இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கும்.